ஒரே செயலியில் மூன்று லேஅவுட்: ஃபோல்டர்களை எப்படிப் பிரிப்பது?

கேள்வி இதுதான். ரியாக்ட் நூலகத்தின் மேல் கட்டிய வலை ஃப்ரேம்வொர்க்கான நெக்ஸ்ட்.ஜேஎஸ்ஸின் ஆப் ரவுட்டரில் (ஃபோல்டர்களை வைத்து முகவரிகளை அமைக்கும் முறை) எழுதிய ஒரு செயலி. அறிமுகம், விலை விவரம், தொடர்பு போன்ற பொதுப் பக்கங்களுக்கு மேலே மெனுவும் கீழே ஃபுட்டரும் வேண்டும். லாகின், பதிவு, பாஸ்வேர்டு மீட்பு ஆகியவற்றுக்கு இரண்டும் வேண்டாம், நடுவில் ஒரு பெட்டி போதும். லாகின் ஆனபின் வரும் டாஷ்போர்டுக்கு இடப்பக்கம் சைட்பார் வேண்டும். இப்போது மேல்மட்ட லேஅவுட்டில் (பக்கங்களைச் சுற்றி வரும் பொதுச் சட்டகம்) முகவரியைப் பார்த்து இஃப் நிபந்தனை போட்டு மூன்றையும் சமாளித்துக்கொண்டிருக்கிறார்கள். புதுப் பக்கம் வரும்போதெல்லாம் அந்த இஃப் நீள்கிறது. ஒழுங்கான வழி என்ன?

தொடங்குமுன் ஒரு சின்ன ஏற்பாடு. ஆங்கிலத்தில் வேரைக் குறிக்கும் சொல்லையும் பாதையைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'ரூட்' ஆகிவிடும். அதனால் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் லேஅவுட்டை 'வேர் லேஅவுட்' என்றும், உலாவியில் தெரியும் பாதையை 'முகவரி' என்றும் எழுதுகிறேன்.

நேரடியான பதில்: வட்ட அடைப்புக்குறிக்குள் பெயர் வைத்த ஃபோல்டர்கள். இவற்றைக் குரூப் என்பார்கள். அந்தப் பெயர் முகவரியில் வராது, ஆனால் அந்த ஃபோல்டருக்கென்று தனி லேஅவுட் கோப்பு வைத்துக்கொள்ளலாம். உங்கள் மூன்று வகைக்கு மூன்று குரூப் போட்டு, வேர் லேஅவுட்டைக் காலியாக்கிவிட்டால் அந்த இஃப் முழுவதும் போய்விடும்.

இதோடு நிறுத்தினால் பாதிப் பதில்தான். குரூப் போடத் தெரிந்தவர்களே எதை எந்தக் குரூப்பில் வைப்பது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் குரூப்புக்குள் குரூப், அதற்குள் இன்னொன்று என்று ஆகியிருக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், சிக்கல் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கோப்பை வைத்து முகவரி உருவாகும் எந்த ஃப்ரேம்வொர்க்கிலும் ஃபோல்டர் மரம் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று, முகவரியைத் தீர்மானிப்பது. இன்னொன்று, எந்தப் பக்கம் எந்த லேஅவுட்டுக்குள் உட்காரும் என்பதைத் தீர்மானிப்பது. டாஷ்போர்டுக்குள் செட்டிங்ஸ், செட்டிங்ஸுக்குள் கட்டணம் என்று போகும்போது இரண்டும் ஒத்துப்போகும், எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் லாகின் பக்கமும் விலைப் பக்கமும் முகவரியில் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. முகவரியில் அண்ணன் தம்பி, தோற்றத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. இந்த இடத்தில் இரண்டு வேலைகளையும் பிரித்தாக வேண்டும். அதற்காக வந்ததுதான் குரூப்.

அந்த இஃப் ஏன் கெடுதல்? அசிங்கமாக இருப்பது ஒரு காரணம், ஆனால் அது சின்னக் காரணம். ஆப் ரவுட்டரில் லேஅவுட் இயல்பாகவே சர்வர் கம்போனென்ட், அதாவது சர்வரில் மட்டும் ஓடும் துண்டு. இப்போதைய முகவரி என்ன என்று அதற்கு நேரடியாகத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமானால் யூஸ்பாத்நேம் ஹூக் (முகவரியைத் தரும் ஃபங்ஷன்) வேண்டும், அதற்கு உலாவியிலும் ஓடும் கிளையன்ட் கம்போனென்ட் வேண்டும். வேர் லேஅவுட்டையே கிளையன்ட்டாக மாற்றினால் அதிலிருந்து மெட்டாடேட்டாவை (பக்கத் தலைப்பு, விவரம் போன்றவை) எக்ஸ்போர்ட் செய்ய முடியாது. அதற்குள் இம்போர்ட் செய்த மெனு, ஃபுட்டர், சைட்பார் மூன்றுமே உலாவிக்குப் போகும் ஜாவாஸ்கிரிப்டில் சேர்ந்துவிடும். லாகின் பெட்டியை மட்டும் பார்க்க வந்தவருக்கும் சைட்பாரின் கோடு போகிறது. அப்புறம், எந்தப் பக்கத்துக்கு எந்தத் தோற்றம் என்ற தகவல் அந்தப் பக்கத்தின் பக்கத்திலேயே இல்லாமல் எங்கோ ஓர் இஃப்பில் ஒளிந்திருக்கிறது. புதிதாகச் சேர்பவர் ஒரு பக்கத்தை எழுதி முடித்துவிட்டு, மேலே ஏன் மெனு வருகிறது என்று தேடிக்கொண்டிருப்பார்.

சரி, எதை வைத்துப் பிரிப்பது? பெரும்பாலானோர் தோற்றத்தை வைத்துப் பிரிக்கிறார்கள்: சைட்பார் உள்ளவை ஒரு பக்கம், இல்லாதவை இன்னொரு பக்கம். நான் வேறொரு கேள்வியிலிருந்து தொடங்கச் சொல்வேன். பயனர் ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போகும்போது எது அழியாமல் அப்படியே இருக்க வேண்டும்? லேஅவுட் என்பது அதற்கான விடை.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ரியாக்ட் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். மரத்தில் ஓர் இடத்தில் முன்பு இருந்த கம்போனென்ட் வகையே இப்போதும் இருந்தால் ரியாக்ட் அதை வைத்துக்கொண்டு உள்ளே மாறியதை மட்டும் மாற்றும். வகை மாறிவிட்டால் அந்த இடத்திலிருந்து கீழே உள்ள அனைத்தையும் கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்டும். கலைந்தால் உள்ளே இருந்த ஸ்டேட் (கம்போனென்ட் நினைவில் வைத்திருக்கும் மதிப்புகள்), ஸ்க்ரோல் நின்ற இடம், திறந்து வைத்த மெனு, பாதி தட்டிய தேடல் சொல் எல்லாம் போகும்.

நெக்ஸ்ட்.ஜேஎஸ்ஸின் பழைய முறையான பேஜஸ் ரவுட்டரில் இது நன்றாகத் தெரியும். ஒவ்வொரு பக்கக் கம்போனென்ட்டுக்குள்ளும் லேஅவுட்டைச் சுற்றிப் போடுவது அங்கே பலருடைய பழக்கம். பார்க்கச் சரியாகவே இருக்கும். ஆனால் பக்கம் மாறும்போது மேலே இருக்கும் பக்கக் கம்போனென்ட்டின் வகையே மாறுகிறது, அதனால் அதற்குள் இருக்கும் லேஅவுட்டும் சேர்ந்து கலைகிறது. நான் வேலை பார்த்த ஒரு திட்டத்தில் சைட்பாரில் ஐம்பது அறுபது இணைப்புகள் இருந்தன. கீழே ஸ்க்ரோல் செய்து ஒன்றைத் தொட்டால் பக்கம் மாறும், சைட்பார் மறுபடி உச்சிக்குத் தாவும். ஸ்க்ரோல் நிலையைச் சேமித்து மீட்டெடுக்க ஒரு வாரம் கோடு எழுதினோம். உண்மையில் லேஅவுட்டைப் பக்கத்துக்கு வெளியே எடுத்து, பொதுவான ஆப் கோப்பில் வைத்திருந்தால் ஒரு வரி கூட எழுதத் தேவையிருந்திருக்காது. அதற்கென்றே கெட்லேஅவுட் என்ற முறை இருக்கிறது: பக்கம் தன் லேஅவுட்டைச் சொல்லும் ஒரு ஃபங்ஷனைத் தன் மேல் ஒட்டிக்கொள்ளும், ஆப் கோப்பு அதைக் கூப்பிட்டுச் சுற்றிப் போடும். அடுத்த பக்கமும் அதே லேஅவுட்டைத் தந்தால் ரியாக்ட் அதைத் தொடாது. இன்னும் பேஜஸ் ரவுட்டரில் இருப்பவர்களுக்கு இன்றைக்கும் இதுதான் சரியான வழி.

2022 அக்டோபரில் நெக்ஸ்ட்.ஜேஎஸ் 13 ஆப் ஃபோல்டரைக் கொண்டுவந்தது. 2023 மே மாதம் 13.4-ல் அது நிலையான வடிவம் பெற்றது. அதில் லேஅவுட் கோப்பு என்பதே இந்த நிலைத்திருத்தலை ஃப்ரேம்வொர்க்கின் விதியாக்கிவிட்டது. ஒரே லேஅவுட்டுக்குக் கீழே உள்ள பக்கங்களுக்கிடையே நகரும்போது லேஅவுட் மறுபடி ரெண்டர் ஆவதில்லை, ஸ்டேட்டும் போவதில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே லாகின் சரிபார்ப்பைப் பற்றிச் சொல்லும்போது இதே குணம்தான் காலை வாரும்.

இந்தக் கேள்வியை உங்கள் செயலியிடம் கேட்டுப் பாருங்கள். டாஷ்போர்டுக்குள் நகரும்போது சைட்பார் நிலைத்திருக்க வேண்டும், ஆகவே அது ஒரு லேஅவுட். பொதுப் பக்கங்களில் மெனு நிலைத்திருப்பது நல்லது, அது இன்னொன்று. லாகினிலிருந்து டாஷ்போர்டுக்குப் போகும்போது எது நிலைத்திருக்க வேண்டும்? எதுவுமில்லை. ஆகவே அவ்விரண்டுக்கும் பொதுவான லேஅவுட் தேவையில்லை. மூன்று குரூப் என்பது இப்படித்தான் தானாக வந்து விழுகிறது. மரம் இப்படி இருக்கும்:

ஆப்
— லேஅவுட் (வேர்: எச்டிஎம்எல், பாடி, எழுத்துரு, தீம் மட்டும்)
— (பொது)
—— லேஅவுட் (மெனு, ஃபுட்டர்)
—— பேஜ் (முகப்பு)
—— விலை / பேஜ்
—— தொடர்பு / பேஜ்
— (நுழைவு)
—— லேஅவுட் (நடுவில் ஒரு பெட்டி)
—— லாகின் / பேஜ்
—— பதிவு / பேஜ்
— (உள்ளே)
—— லேஅவுட் (சைட்பார்)
—— டாஷ்போர்டு / பேஜ்
—— செட்டிங்ஸ் / பேஜ்

வட்ட அடைப்பில் உள்ள மூன்று பெயரும் முகவரியில் வராது. லாகின் பக்கம் முன்பிருந்த அதே முகவரியிலேயே இருக்கும். குரூப்புக்குப் பெயர் வைக்கும்போது 'சைட்பார் உள்ளவை' என்று தோற்றத்தை வைத்துப் பெயரிடாதீர்கள். நாளைக்கு வடிவமைப்பாளர் சைட்பாரை மேலே தூக்கி வைத்துவிட்டால் பெயர் பொய்யாகிவிடும். பக்கம் யாருக்காக, எதற்காக என்பதை வைத்துப் பெயரிடுங்கள்.

முகப்புப் பக்கத்தைக் குரூப்புக்குள் போட்டதைக் கவனித்திருப்பீர்கள். வெளியே, வேர் லேஅவுட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் முகப்புக்கு மட்டும் மெனு வராது. குரூப் போட்ட முதல் நாளில் அடிக்கடி நடக்கும் தவறு இது. இன்னொன்று: இரண்டு குரூப்புகளில் ஒரே முகவரி வரும்படி பக்கம் இருக்கக் கூடாது. (பொது)வில் ஓர் 'உதவி', (உள்ளே)வில் ஓர் 'உதவி' என்றால் இரண்டும் ஒரே முகவரிக்குத்தான் போகும், நெக்ஸ்ட்.ஜேஎஸ் பிழை காட்டி நின்றுவிடும். லாகின் ஆனவருக்கு ஒரு தோற்றம், ஆகாதவருக்கு வேறு தோற்றம், முகவரி மட்டும் ஒன்று என்ற தேவை வந்தால் அதைக் குரூப்பால் தீர்க்க முடியாது. அது அந்தப் பக்கத்துக்குள்ளேயே எடுக்க வேண்டிய முடிவு.

வேர் லேஅவுட்டில் எச்டிஎம்எல், பாடி குறிச்சொற்கள் கட்டாயம். அவற்றோடு எழுத்துரு, தீம், எல்லாப் பக்கத்துக்கும் தேவையான ப்ரொவைடர்கள் (கீழுள்ள கம்போனென்ட்டுகளுக்குப் பொதுத் தகவல் தருபவை) போதும். கண்ணுக்குத் தெரியும் எதையும் அங்கே வைக்காதீர்கள் என்பது என் திடமான கருத்து. 'எல்லாப் பக்கத்திலும்தான் இந்த ஹெடர் வருமே' என்று வைப்பார்கள். பிறகு ஒரு பிரிண்ட் பக்கமோ, வேறு தளத்தில் பதிக்க வேண்டிய சின்ன விட்ஜெட் பக்கமோ வரும். அதற்கு ஹெடர் வேண்டாம். மேலே வைத்ததைக் கீழிருந்து கழற்ற ஆப் ரவுட்டரில் வழியில்லை. மறுபடியும் இஃப்தான்.

வேர் லேஅவுட்டையே எடுத்துவிட்டு, ஒவ்வொரு குரூப்புக்கும் தனி வேர் லேஅவுட் வைக்கும் முறையும் உண்டு. அப்போது ஒவ்வொன்றிலும் எச்டிஎம்எல், பாடி எழுத வேண்டும், முகப்புப் பக்கம் ஏதாவது ஒரு குரூப்புக்குள் இருந்தே ஆக வேண்டும். இதன் விலை என்னவென்றால், ஒரு வேர் லேஅவுட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது உலாவி பக்கத்தை முழுதாகப் புதிதாக ஏற்றும். நினைவில் வைத்திருந்த அத்தனை ஸ்டேட்டும் போய்விடும். பொதுப் பக்கத்திலிருந்து செயலிக்குள் போவது ஒருவர் எப்போதாவது செய்வது, அங்கே இது தொந்தரவே இல்லை. வெளியேறும்போது முந்தைய பயனரின் தகவல் உலாவியின் நினைவில் தங்காமல் துடைக்கப்படுவது ஒரு வகையில் நல்லதும்கூட. ஆனால் பயனர் நிமிடத்துக்கு இரண்டு முறை தாண்டும் எல்லையில் இதைப் போடக் கூடாது.

எப்போது இது உண்மையாகவே தேவைப்படும்? குளோபல் சிஎஸ்எஸ் (பக்கம் முழுவதற்கும் பொருந்தும் தோற்ற விதிகள்) இரண்டு பகுதிக்கும் வேறு வேறாக இருக்கும்போது. ஒரு குரூப்பின் லேஅவுட்டில் குளோபல் சிஎஸ்எஸ்ஸை இம்போர்ட் செய்தால் அது அந்தக் குரூப்போடு நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நிற்காது. உலாவிக்குள்ளேயே பக்கம் மாறும்போது ஏற்கெனவே ஏற்றிய ஸ்டைல்ஷீட்டை நெக்ஸ்ட்.ஜேஎஸ் கழற்றுவதில்லை. பொதுப் பக்கத்துக்கான தலைப்பு அளவு, லாகின் வழியாக டாஷ்போர்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். டாஷ்போர்டை நேரடியாகத் திறந்து பார்த்தால் சரியாக இருக்கும், பொதுப் பக்கம் வழியாக வந்தால் மட்டும் குலையும். இப்படி ஒரு பிழை அறிக்கை வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். சிஎஸ்எஸ் மாட்யூலுக்கு (விதிகள் அதைப் பயன்படுத்தும் கம்போனென்ட்டோடு நிற்கும் முறை) மாறினால் வேர் லேஅவுட் ஒன்றே போதும். மாற முடியாத பழைய சிஎஸ்எஸ் என்றால் தனித்தனி வேர் லேஅவுட்தான் பாதுகாப்பு.

இப்போது கடினமான பகுதி: விதிவிலக்குப் பக்கம். டாஷ்போர்டுக்குள் ஐம்பது பக்கம் சைட்பாரோடு நன்றாக இருக்கும்போது, ஓர் எடிட்டர் பக்கமோ பிரிண்ட் பக்கமோ வந்து 'எனக்குச் சைட்பார் வேண்டாம், முழுத் திரை வேண்டும்' என்று நிற்கும். முகவரியில் அது டாஷ்போர்டு, அறிக்கை, அறிக்கை எண், பிரிண்ட் என்று ஆழத்தில் இருக்கும்.

இங்கேதான் ஃப்ரேம்வொர்க்குகள் தமக்குள் வேறுபடுகின்றன. ஸ்வெல்ட்கிட் என்ற ஃப்ரேம்வொர்க்கில் இதற்கு அழகான விடை இருக்கிறது. பக்கக் கோப்பின் பெயருக்குப் பின் @ போட்டு, எந்த மட்டத்து லேஅவுட்டுக்கு மேலேற வேண்டும் என்று எழுதிவிடலாம். ஒரு குரூப்பின் பெயரைப் போட்டால் அந்தக் குரூப்பின் லேஅவுட் வரை, வெறும் @ மட்டும் போட்டால் வேர் லேஅவுட் வரை. இடையில் உள்ள லேஅவுட்டுகள் கழன்றுவிடும், கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். வேர் லேஅவுட்டை மட்டும் யாரும் தாண்ட முடியாது. ரிமிக்ஸ் என்ற இன்னொரு ஃப்ரேம்வொர்க்கின் இரண்டாம் பதிப்பில் ஃபோல்டருக்குப் பதில் கோப்புப் பெயரில் புள்ளி வைத்துப் பிரிப்பார்கள். பெயரின் தொடக்கத்தில் அடிக்கோடு இருந்தால் அது முகவரியில் வராத லேஅவுட், அதாவது குரூப் மாதிரி. புள்ளிக்கு முன் வரும் தாய்ப் பகுதியின் முடிவில் அடிக்கோடு இருந்தால், முகவரி அப்படியே இருக்கும், தாய் லேஅவுட்டிலிருந்து மட்டும் விலகிக்கொள்ளும். சின்னக் குறியில் பெரிய வித்தியாசம். தெரியாதவர் எழுத்துப்பிழை என்று நினைத்து அழித்துவிடுவார், ஆகவே அந்தக் கோப்பின் உச்சியில் ஒரு வரிக் குறிப்பு எழுதி வையுங்கள். ரியாக்ட் ரவுட்டர் 7-ல் இந்தப் பெயர் வித்தைகள் பிடிக்காதவர்களுக்கு, ஒரே கோப்பில் எல்லாப் பாதைகளையும் லேஅவுட்டுகளையும் கோடாகவே எழுதும் வழி இருக்கிறது. பாதைகள் நூற்றைத் தாண்டும் செயலிக்கு எனக்கு அது மிகவும் பிடிக்கும். முழு மரமும் ஒரே திரையில் கண்முன் இருக்கும்.

நெக்ஸ்ட்.ஜேஎஸ்ஸில் மேலேறும் குறி இல்லை. அங்கே இரண்டு வழி. ஒன்று, (முழுத்திரை) என்று இன்னொரு குரூப் தொடங்கி, அதற்குள் டாஷ்போர்டு, அறிக்கை, எண், பிரிண்ட் என்று அதே ஃபோல்டர் வரிசையைத் திரும்பக் கட்டுவது. முகவரிகள் மோதாதவரை இதை நெக்ஸ்ட்.ஜேஎஸ் ஏற்றுக்கொள்ளும். எண் போல மாறும் பகுதியின் ஃபோல்டர் பெயரைச் சதுர அடைப்புக்குள் எழுதுவார்கள்; அதற்குள் இரண்டு இடத்திலும் ஒரே பெயரை வைக்க வேண்டும், ஓரிடத்தில் ஐடி, இன்னோரிடத்தில் ஸ்லக் என்று வைக்காதீர்கள். இன்னொரு வழி, சைட்பார் லேஅவுட்டையே ஒரு மட்டம் கீழே இறக்குவது. டாஷ்போர்டு ஃபோல்டருக்குள்ளேயே ஒரு குரூப் போட்டு, சைட்பார் வேண்டியவற்றை அதற்குள் தள்ளிவிட்டு, எடிட்டரை வெளியே வைப்பது. விதிவிலக்கு ஒன்றிரண்டு என்றால் நான் முதல் வழியைத் தேர்ந்தெடுப்பேன், இருக்கும் கோப்புகளைத் தொட வேண்டியதில்லை. அதிகமானால் இரண்டாவது. எடிட்டர்களும் டாஷ்போர்டும் ஏதாவது ஒன்றைப் பகிர்ந்துகொள்கின்றன என்றால், உதாரணமாக இரண்டுக்கும் மேலே ஒரே அறிவிப்பு இணைப்பு உயிரோடு இருக்க வேண்டும் என்றால், இரண்டாவதுதான் சரி. அழியாமல் இருக்க வேண்டியது எது என்ற அதே கேள்விதான் இங்கேயும் முடிவெடுக்கிறது.

நக்ஸ்ட் (நெக்ஸ்ட் அல்ல, வியூ நூலகத்துக்கான ஃப்ரேம்வொர்க்) வேறு வழியில் போகிறது. அங்கே லேஅவுட்டுகள் தனி ஃபோல்டரில் பெயரோடு இருக்கும், பக்கம் தனக்கு எது வேண்டும் என்று டிஃபைன்பேஜ்மெட்டாவில் பெயர் சொல்லும். சொல்லாவிட்டால் டிஃபால்ட். முகவரியும் லேஅவுட்டும் தொடக்கத்திலேயே பிரிந்துவிட்டதால் உங்கள் கேள்வி அங்கே எழவே எழாது. அங்கே வரும் சிக்கல் வேறு: நக்ஸ்ட்லேஅவுட் கம்போனென்ட்டை ஆப் கோப்பில் ஒரே ஒரு முறை வைக்காமல் ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் வைத்தால், மேலே சொன்ன பேஜஸ் ரவுட்டர் கதைதான், பக்கத்துக்குப் பக்கம் கலையும். டிஃபைன்பேஜ்மெட்டா கம்பைல் செய்யும்போதே எடுத்துக்கொள்ளப்படுவது. அதில் கம்போனென்ட்டுக்குள் இருக்கும் மாறியைப் பயன்படுத்த முடியாது. ஓடும்போது லேஅவுட்டை மாற்ற செட்பேஜ்லேஅவுட் தனியாக இருக்கிறது.

ஆஸ்ட்ரோ என்ற ஃப்ரேம்வொர்க்கில் லேஅவுட்டுக்கென்று தனி மந்திரம் எதுவும் இல்லை. ஸ்லாட் (உள்ளடக்கம் வந்து உட்காரும் இடம்) உள்ள சாதாரணக் கம்போனென்ட், பக்கம் அதை இம்போர்ட் செய்துகொள்கிறது. இயல்பில் ஒவ்வொரு நகர்வும் முழுப் பக்க ஏற்றம் என்பதால் நிலைத்திருத்தல் என்ற கேள்விக்கே இடமில்லை. கட்டுரைகள் மட்டுமே உள்ள தளத்துக்கு இந்த எளிமை போதும்.

அடுத்தது நான் மிகவும் கவலைப்படும் இடம். குரூப் போட்டவுடன் எல்லோருக்கும் தோன்றும் யோசனை: '(உள்ளே) குரூப்பின் லேஅவுட்டில் லாகின் ஆகியிருக்கிறாரா என்று ஒரு முறை பார்த்துவிட்டால் உள்ளே இருக்கும் எல்லாப் பக்கமும் பாதுகாப்பு'. தயவுசெய்து இதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். லேஅவுட் பக்கத்துக்குப் பக்கம் மறுபடி ஓடுவதில்லை என்று மேலே பார்த்தோம். பயனரின் அனுமதி இடையில் பறிக்கப்பட்டாலும் அவர் உள்ளுக்குள்ளேயே நகரும்வரை லேஅவுட்டின் சரிபார்ப்பு மறுபடி நடக்காது. ஸ்வெல்ட்கிட்டிலும் இதே கதை, கூடுதலாக ஒரு சிக்கலும் உண்டு: லேஅவுட்டின் லோட் ஃபங்ஷனும் (தகவலை எடுத்துவரும் ஃபங்ஷன்) பக்கத்தின் லோட் ஃபங்ஷனும் ஒரே நேரத்தில் ஓடும். பேரன்ட்டுக்காக, அதாவது மேலுள்ள லேஅவுட்டுக்காக, காத்திரு என்று பக்கம் வெளிப்படையாகச் சொல்லாவிட்டால், லேஅவுட் 'அனுமதி இல்லை' என்று முடிவெடுப்பதற்குள் பக்கம் டேட்டாபேஸிலிருந்து தகவலை எடுத்துவிட்டிருக்கும். அங்கே ஒவ்வொரு கோரிக்கையும் முதலில் கடக்கும் ஹூக்ஸ் கோப்பில் சரிபார்ப்பதே ஏற்ற இடம்.

மிடில்வேரில் (பக்கத்தை அடையுமுன் கோரிக்கையைப் பார்க்கும் கோடு) மட்டும் சரிபார்த்தாலும் போதாது என்பதற்கு நெக்ஸ்ட்.ஜேஎஸ்ஸிலேயே பாடம் இருக்கிறது. 2025 மார்ச்சில் வெளியான ஒரு பாதுகாப்புக் குறையில், கோரிக்கையோடு ஒரு குறிப்பிட்ட எச்டிடிபி ஹெடரைச் சேர்த்து அனுப்பினாலே மிடில்வேர் முழுவதும் தாண்டப்பட்டது. 15.2.3, 14.2.25 பதிப்புகளில் திருத்தினார்கள். தகவலை எடுக்கும் ஃபங்ஷனுக்குள்ளேயே, எடுப்பதற்கு முந்தைய வரியில், இவர் யார், இதைப் பார்க்கலாமா என்று பாருங்கள். மிடில்வேர் லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடட்டும், லேஅவுட் பயனரின் பெயரைச் சைட்பாரில் காட்டட்டும். பூட்டு தகவலின் வாசலில் இருக்கட்டும். லேஅவுட்டிலும் பக்கத்திலும் ஒரே பயனர் தகவலை இரண்டு முறை எடுக்கிறோமே என்ற தயக்கம் வேண்டாம். ரியாக்ட்டின் கேஷ் ஃபங்ஷனால் அதைச் சுற்றிவிட்டால் ஒரு கோரிக்கைக்கு ஒரு முறைதான் உண்மையில் ஓடும். ஆப் ரவுட்டரில் லேஅவுட்டிலிருந்து பக்கத்துக்கு ப்ராப்ஸாக (கம்போனென்ட்டுக்கு நேரடியாகத் தரும் மதிப்புகளாக) தகவல் அனுப்பவும் முடியாது, ஆகவே இதுதான் வழி.

நிலைத்திருப்பது வேண்டாத இடங்களும் உண்டு. ஒவ்வொரு பக்கத்துக்கும் நுழைவு அனிமேஷன், பக்கம் மாறும்போது காலியாக வேண்டிய கருத்துப் பெட்டி போன்றவை. லேஅவுட் கோப்புக்குப் பதில் டெம்ப்ளேட் கோப்பு வைத்தால் நகரும்போது புதிதாகக் கட்டப்படும். முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வருவது மட்டும் மாறினால் டெம்ப்ளேட்டும் புதிதாகாது. இந்தத் தேவை அபூர்வம்.

பக்கம் லேஅவுட்டின் ஒரு பகுதியை மாற்ற விரும்பும்போது, உதாரணமாக மேல்பட்டையில் இந்தப் பக்கத்துக்கு மட்டும் ஒரு 'சேமி' பொத்தான் வேண்டும் என்றால் என்ன செய்வது என்றும் கேட்பார்கள். நெக்ஸ்ட்.ஜேஎஸ்ஸில் @ போட்ட ஃபோல்டரால் பேரலல் ஸ்லாட் (லேஅவுட்டுக்குள் பக்கத்தோடு சேர்ந்து நிரம்பும் இன்னோர் இடம்) அமைக்கலாம். ஆனால் பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்யும்போது ஸ்லாட்டுக்குப் பொருந்தும் கோப்பு இல்லாவிட்டால் டிஃபால்ட் கோப்பைத் தேடும், அதுவும் இல்லாவிட்டால் பிழைதான். ஒரு பொத்தானுக்கு இவ்வளவு சுமை வேண்டாம். மேல்பட்டையை லேஅவுட்டிலிருந்து எடுத்து ஒரு கம்போனென்ட் ஆக்கி, ஒவ்வொரு பக்கமும் தன் தலைப்பையும் பொத்தானையும் கொடுத்துப் பயன்படுத்தட்டும். அந்தப் பட்டையில் நிலைத்திருக்க வேண்டியது எதுவும் இல்லை என்றால் அது லேஅவுட்டே இல்லை, பல பக்கங்கள் பகிரும் ஒரு கம்போனென்ட் மட்டும்தான். ஸ்லாட்டுகளை, பட்டியலின் மேல் திறக்கும் மோடலுக்கு (மிதக்கும் பெட்டிக்கு) தனி முகவரி வேண்டும் என்பது போன்ற இடங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

லேஅவுட் பிரிக்கும்போதே பிழைப் பக்கங்களையும் யோசித்துவிடுங்கள். எரர் கோப்பு அதே ஃபோல்டரின் லேஅவுட்டுக்கு உள்ளே உட்காருகிறது. அதனால் பக்கத்தில் பிழை வந்தால் சைட்பார் அப்படியே இருக்கும், நடுப்பகுதி மட்டும் செய்தி காட்டும், பயனர் வேறு பக்கத்துக்குப் போய்க்கொள்ளலாம். நல்ல அனுபவம். ஆனால் அதே காரணத்தால், அந்த லேஅவுட்டிலேயே வரும் பிழையை அது பிடிக்காது, ஒரு மட்டம் மேலே இருக்கும் எரர் கோப்புதான் பிடிக்கும். சைட்பாரில் நிறையத் தகவல் எடுக்கிறீர்கள் என்றால் மேலேயும் ஓர் எரர் கோப்பு வேண்டும். வேர் லேஅவுட்டின் பிழைக்குக் குளோபல் எரர் கோப்பு தனி, அதில் எச்டிஎம்எல், பாடி நீங்களே எழுத வேண்டும். 404-க்கும் (பக்கம் இல்லை என்ற பிழைக்கும்) இதே கணக்கு. எந்தப் பக்கத்தோடும் பொருந்தாத முகவரிக்கு மேல்மட்டத்து நாட்ஃபவுண்ட் கோப்பு வரும், அது வேர் லேஅவுட்டுக்குள் மட்டுமே இருக்கும், (பொது) குரூப்பின் மெனு அதற்குத் தானாக வராது. மெனு வேண்டுமென்றால் அந்தக் கோப்பிலேயே மெனு கம்போனென்ட்டைப் போடுங்கள். வேர் லேஅவுட்டுகள் பல வைத்தவர்களுக்கு எந்த வேரில் 404-ஐ வைப்பது என்பதே கேள்வி. அதற்காகத்தான் நெக்ஸ்ட்.ஜேஎஸ் 15.4-ல் பரிசோதனை நிலையில் குளோபல் நாட்ஃபவுண்ட் கோப்பு வந்தது.

இருக்கும் செயலியை மாற்றும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் நகர்த்தாதீர்கள். முதலில் இம்போர்ட்டுகள் புள்ளி புள்ளியாக மேலேறும் வகையில் இருந்தால் அவற்றை அலியாஸுக்கு (கோப்பு எங்கே இருந்தாலும் மாறாத குறுக்குப் பெயர்) மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஃபோல்டர் ஒரு மட்டம் இறங்கியதும் எல்லாம் உடையும். பிறகு (நுழைவு) குரூப்பிலிருந்து தொடங்குங்கள். அதில் பக்கங்கள் குறைவு, லேஅவுட்டும் எளிது. நகர்த்தியதும் இஃப்பிலிருந்து அந்த முகவரிகளை நீக்குங்கள். அடுத்து (பொது), கடைசியில் (உள்ளே). இடைப்பட்ட நிலையில் பாதி குரூப்பும் பாதி இஃப்பும் சேர்ந்தே ஓடும், ஒவ்வொரு படியையும் தனித்தனியாக வெளியிடலாம். முகவரி ஒன்றுகூட மாறாததால் வெளியிலிருந்து வரும் இணைப்புகளுக்கோ தேடுபொறிக்கோ எதுவும் தெரியப்போவதில்லை. ஒவ்வொரு படிக்குப் பிறகும் சைட்பாரைப் பாதி ஸ்க்ரோல் செய்து, தேடல் பெட்டியில் ஏதாவது தட்டிவிட்டு, நான்கைந்து பக்கங்களுக்கு மாறிப் பாருங்கள். தட்டியது அப்படியே இருந்தால் அடுத்த குரூப்புக்குப் போகலாம்.